தமிழில் மட்டும் பதினைந்து

ஸ்டோர்க்காரன், டைப் தெரிந்தவன்
என்பதால் என்னிடம் வந்தது அந்தத் தாள்.
சஜ்ஜாவில் எங்கள் கேம்ப், பி பிளாக்.
கேம்ப் பாஸ் ஃபாரூக்கி சொன்னார்:
இந்திக்கு ஆச்சு, வங்காளிக்கு ஆச்சு,
உங்க ஆளுங்களுக்கும் ஒண்ணு அடிச்சுக் கொடு.

தலைப்பிலேயே தகராறு.
மொழிபெயர்க்கிற மெஷினில் போட்டால்
எங்களை ‘ஆக்கிரமிப்பாளர்’ என்கிறது.
பன்னிரண்டு பேருக்கு ஓர் அறை,
எனக்கு அதில் ஒரு கட்டிலின் மேல்தட்டு.
எதை ஆக்கிரமித்தேன்?
அழித்துவிட்டு ‘குடியிருப்பவர்’ என்று அடித்தேன்.
உடனே வந்தது நாலாம் விதி:
குடியிருப்பவர் குடிக்கக் கூடாது.
ஹெல்மெட்டுகளுக்கு நடுவே
தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அறைக்குள் சமைக்கக் கூடாது.
ஜன்னலில் துணி காயப்போடக் கூடாது.
ஏசி இருபத்திநாலுக்குக் கீழே இறங்கக் கூடாது.
வெளியே போகையில் விளக்கை அணைக்க வேண்டும்.
மூட்டைப்பூச்சி தென்பட்டால் உடனே தெரிவிக்க வேண்டும்.

பதினாலு வரி.
எல்லாம் கூடாதில் முடிந்தது, இல்லையென்றால் வேண்டுமில்.
அநியாயம் என்றும் சொல்ல முடியாது.
போன மாதம் இருதயசாமி
காயிலில் முட்டை அவித்து
மூன்று அறைகளை இருட்டாக்கினான்.

தாளின் அடியில் நாலு விரல் வெள்ளை மீதி.
பதினைந்து என்று அடித்தேன்.
சட்டப்படி ஆளுக்கு மூன்று சதுர மீட்டர்.
குறைந்தால் கேட்கலாம்.
அந்தப் பக்கத்திலேயே
அது ஒன்றுதான் ‘லாம்’.

ஃபாரூக்கி தாளைத் தூக்கிப் பார்த்தார்.
தமிழ் மட்டும் ஏன் கீழே இறங்குது?
நீளமான பாஷை சார் என்றேன்.
தலையாட்டினார்.
தன் கையாலேயே லேமினேட் போட்டு
நாலு மூலையிலும் ஸ்க்ரூ முடுக்கினார்.

அன்றிரவு தவசிலிங்கம் டேப்பை எடுத்தான்.
கம்பி கட்டுகிறவன், அளந்தே சாப்பிடுகிறவன்.
ஊரார் கட்டடமெல்லாம் அளந்த டேப்
முதல்தடவை எங்கள் சுவரைத் தொட்டது.
நீளம் ஆறு.
அகலம் மூணு அறுபது.
பிஸ்கட் அட்டையின் பின்பக்கம் பெருக்கினான்,
மூன்றால் வகுத்தான்.

ஏழு பேர்.

ஏழு பேரும், தலையணை வைக்க இடமும்.

உரிமை இப்போதுதான் அறைக்குள் வந்தது,
வந்த உடனே
ஐந்து பேரை வெளியே போகச் சொல்கிறது.
ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

கலந்தர்தான் ஆரம்பித்தான்:
நான் நைட் ஷிப்ட், ராத்திரிக் கணக்குல என்னைச் சேர்க்காதீங்க.
இருதயசாமி: எனக்கு மார்ச்சோட விசா முடியுது.
வந்து ஒன்பதே நாளான வேலவேந்தன்,
நான் ஒல்லிதானண்ணே, அரை மீட்டர் போதும் என்றான்.
சிரித்தோம்.
அப்புறம் சிரிக்கவில்லை.
ஒவ்வொருத்தனும் தன் பேரைத் தானே அடித்ததில்
தவசியின் அட்டையில்
ஆளே இல்லாத அறை ஒன்று கிடந்தது,
எவ்வளவு விசாலமாக.

விடியுமுன் மூன்றரைக்கு, பஸ் வருவதற்குள்
மனுவை நான்தான் எழுதினேன்.
ஐந்து பேரைக் கழிக்க அல்ல,
சி பிளாக்கில் பூட்டிக் கிடக்கும்
பதினெட்டாம் அறையைத் திறக்க.

கையெழுத்தில் தயங்கினோம்.
முதல் பெயர் யாருடையது என்றுதான்
முதலில் கேட்பார்கள்.
கலந்தர் சுலைமானி டம்ளரைத்
தாளின் மேல் வைத்து எடுத்தான்.
ஈர வளையம்.
வளையத்தைச் சுற்றிப் போட்டோம் பன்னிரண்டு பேரும்,
தலையும் வாலும் இல்லாமல்.

ஹாரன் அடித்தது.
பாதிப் படி இறங்கிய வேலவேந்தன்
ஏதோ நினைத்துத் திரும்பி ஓடினான்,
விளக்கை அணைத்துவிட்டு வந்தான்.